சும்மா நிற்கும் எஞ்சினும் கார்புரேட்டர் அடைப்பும்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் நம் தெருவில் ஒரு மூதாட்டி வஃபாத்தானார்கள். ஒரே மகன் சபுரில் இருந்தார். அவர் வந்து முகம் பார்க்கும்வரை ஜனாஸாவை ஃப்ரீசர் பெட்டியில் வைக்க முடியுமா என்று வீட்டார் கேட்டார்கள். பெட்டி நம் டிரஸ்டில் இருந்தது. ஜெனரேட்டரும் இருந்தது. ரமலானில் தராவீஹ் நேரத்துக்கு ஓடியது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. டேங்கில் பாதி பெட்ரோல் கிடந்ததால் எல்லோருக்கும் தைரியம்.

கயிற்றை இழுத்தோம். கை மாற்றிக் கை மாற்றி இளைஞர்கள் இழுத்தார்கள். சோக் போட்டால் இரண்டு நொடி இருமிவிட்டு நின்றது. சோக்கை எடுத்தால் அதுவும் இல்லை. புதுப் பெட்ரோல் ஊற்றினோம், பிளக்கைத் துடைத்தோம், ஓதி ஊதினோம். பந்தல்காரர்களிடம் இருந்த மிஷின்களெல்லாம் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. இனியும் தாமதிக்க வேண்டாம் என்று அன்று அஸருக்குப் பின் அடக்கம் செய்தோம். மகன் வந்தபோது மையவாடியில் மண்ணைத்தான் பார்த்தார். ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்குவதுதான் சுன்னத், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் காத்திருப்பதா வேண்டாமா என்பதை அந்த வீட்டார் முடிவு செய்திருக்க வேண்டும். அன்று அவர்களுக்கு முடிவு செய்ய எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே காய்ந்த தேன்போல மஞ்சள் நிறத்தில் ஒரு பிசின். முக்கால் மணி நேரத்தில் மிஷின் ஓடியது. எதுவும் உடைந்திருக்கவில்லை, எதுவும் தேய்ந்திருக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால், நிறுத்துகிற அன்று, ஒரு குழாயை மூடியிருந்தால் போதும் என்றார்.

அந்தக் குழாயைப் பற்றியும், மூட மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியும்தான் இந்தப் பாடம். ஜெனரேட்டர் இல்லாத வீட்டாரும் படிக்கலாம். சபுராளி வீடுகளில் சுவரோரம் வருடக்கணக்கில் நிற்கும் பைக்குக்கும், தோப்பில் கோடைக்கு மட்டும் ஓடும் பெட்ரோல் பம்புசெட்டுக்கும் இதே நோய்தான், இதே மருந்துதான்.

உள்ளே என்ன நடக்கிறது

எஞ்சின் வெறும் பெட்ரோலில் ஓடுவதில்லை. ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று சேர்ந்தால்தான் சரியாக எரியும். அந்தக் கலவையைச் செய்வது கார்புரேட்டர். டேங்கிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் அடியில் உள்ள கிண்ணத்தில் சேரும். அதில் ஒரு மிதவை இருக்கும். மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்பார்கள். நம் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலேறிக் குழாயை அடைக்கிறதே, அதே வேலை. கிண்ணத்திலிருந்து பெட்ரோலை எஞ்சின் உறிஞ்சும் வழியில் பித்தளையால் ஆன ஜெட்கள் இருக்கும். பெரியது மெயின் ஜெட். சின்னது பைலட் ஜெட். ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். இந்தப் பைலட் ஜெட்டின் துளை பல சிறு எஞ்சின்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தலைமுடி நாலைந்தைச் சேர்த்து வைத்தால் என்ன கனமோ அவ்வளவுதான். முழு எஞ்சினின் ஐட்லிங்கும் அந்த ஓட்டையை நம்பித்தான் இருக்கிறது.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல எண்ணெய்கள் கலந்தது. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பிடிப்பதற்கு வேண்டியவையே அவைதான். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகும். டேங்கில் லிட்டர் கணக்கில் இருப்பதால் கெட நாளாகும். கிண்ணத்தில் இருப்பதோ சில மேசைக்கரண்டி அளவு. அதற்குக் காற்றுப் போக்குவரத்துக்கு வழியும் உண்டு. நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் போதும், அது காய்ந்து ஜெட்டுக்குள் வார்னிஷ் அடித்துவிடும். "டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகலையே" என்று நாம் குழம்புவது இதனால்தான். கெட்டுப்போனது கிண்ணத்திலும் ஜெட்டிலும் இருக்கிறது. காய்ந்த பிசின் புதுப் பெட்ரோலில் எளிதில் கரையாது.

இதோடு தண்ணீரும் சேர்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். கிண்ணத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளைப் பொடி தெரிந்தால், தண்ணீர் அங்கே வெகுநாள் தங்கி உலோகத்தை அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பத்துத் தடவை இழுத்தும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் போகிறது. கோளாறு பிளக்கிலோ கரண்டிலோ இருக்கலாம், அல்லது அளவுக்கு மீறிப் பெட்ரோல் ஏறியிருக்கலாம்.

உலர்ந்திருந்தால் அடுத்து கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடி பாட்டிலை வையுங்கள். பெட்ரோல் காக் திறந்திருக்கட்டும். முதலில் கிண்ணத்தில் இருந்தது கொட்டும். அதற்குப் பிறகும் நூல் பிடித்ததுபோல ஒழுகிக்கொண்டே இருந்தால் டேங்கிலிருந்து கிண்ணம்வரை வழி சரி, அடைப்பு ஜெட்டில். ஒழுகாவிட்டால் காக்கை மூடி, கார்புரேட்டர் பக்கம் ரப்பர் ஹோஸைக் கழற்றி, பாட்டிலுக்கு மேலே பிடித்து மறுபடி திறந்து பாருங்கள். ஹோஸில் வருகிறது, கிண்ணத்துக்கு வரவில்லை என்றால் மிதவையின் ஊசி பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டினால் சில நேரம் விட்டுவிடும். அவசரத்துக்கு இது உதவும், ஆனால் நிரந்தரம் இல்லை. ஹோஸிலேயே வரவில்லை என்றால் காக்கில் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் ஓட ஆரம்பித்தால் குற்றவாளி மூடிதான்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலையும் ஒரு நிமிடம் நிற்க வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்தால் தண்ணீர். பெயின்ட் கடை வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. டேங்கையும் காலி செய்தாக வேண்டும்.

சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்தால் நிற்கிற மிஷின் நிறையத் தகவல் சொல்கிறது. சோக் என்பது காற்று வழியை மூடும் தகடு. காற்றைக் குறைத்தால் எஞ்சின் பெட்ரோலைப் பலமாக உறிஞ்சும். அப்படி இழுத்தால்தான் வருகிறது என்றால் ஜெட் பாதி அடைத்திருக்கிறது. ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடாமல் ஏறி இறங்கி மூச்சு வாங்கினாலும் பெரும்பாலும் இதே காரணம்தான். மாறாக, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் ஊசியில் தூசி சிக்கி, மூட வேண்டிய நேரத்தில் மூடவில்லை. அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழிந்த பெட்ரோல் வெளியே மட்டுமல்ல, எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது.

கழற்றிச் சுத்தம் செய்வது

இந்த வேலையை வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பக்கத்தில் பீடி சிகரெட்டோ அடுப்போ இல்லாத இடத்தில் செய்யுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காக்கை மூடுங்கள். பிளக் தொப்பியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள சாமான்கள் மிளகு அளவு, மண்ணில் விழுந்தால் தேடி முடியாது. முதல் தடவை செய்கிறவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது யோசிக்க வேண்டியதில்லை.

அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடாமல் தனியாக எடுங்கள். மிதவையைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பியை உருவினால் மிதவையும் ஊசியும் சேர்ந்து வரும். ஊசியின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் புதிது போட வேண்டும். பிறகு ஜெட்கள். பித்தளை மெதுவானது, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் மட்டும் திருப்புங்கள். சின்ன டிரைவரைப் போட்டு முறுக்கினால் தலை வழுக்கி, பத்து நிமிட வேலை பட்டறை வேலையாகிவிடும். ஏர் ஸ்குரூவைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் உள்பக்கம் மெல்ல இறுதிவரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப வைக்கும்போது அதே சுற்று.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். கண்ணாடி அணிந்துகொண்டு அடியுங்கள். ஒரு துளையில் அடித்தால் நேர் எதிர் துளை வழியாக முகத்தில் பீய்ச்சும், எனக்குப் பட்டிருக்கிறது. ரப்பர் சாமான்கள் மேல் அது படவேண்டாம், ஊதிவிடும். ஜெட்களில் அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி அடியுங்கள். பிறகு ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தையல் ஊசி, ஹேர் பின், கம்பி என்று கிடைத்ததை விட்டுக் குத்துகிறார்கள். இரும்பு பித்தளையைச் சுரண்டும். துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறி, அதற்குப் பிறகு அந்த மிஷின் கரும்புகை கக்கிக்கொண்டும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டும்தான் ஓடும். நம் ஊரில் அதற்கு நல்ல மாற்று இருக்கிறது: மெல்லிய தூண்டில் நரம்பு. அதை ஒரு முழம் வெட்டி ஜெட்டுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பிசின் வந்துவிடும், பித்தளைக்குச் சேதம் இல்லை.

கடைசியாகக் காற்று. கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய் எல்லாத் துளைகளிலும் ஏர் அடிக்கச் சொல்லுங்கள். மிதவையையும் ரப்பர் சாமான்களையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மிதவை பொருத்தியிருக்கும்போது காற்றழுத்தம் பட்டால் அது நசுங்கிவிடும். பூட்டிய பிறகு காக்கைத் திறந்து ஐந்து நிமிடம் எங்கும் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக் தொப்பியை மாட்ட வேண்டும்.

வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பார்ட்ஸ் கழுவ மெக்கானிக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். எந்தப் பெட்ரோலையும் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குள் வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு எந்தப் பாட்டில் என்று தெரியாது.

வராமல் காப்பது

நிறுத்தும் முறைதான் எல்லாம். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைப்பது நம் பழக்கம். அதற்குப் பதிலாக, பெட்ரோல் காக்கை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் உள்ளதைக் குடித்துவிட்டுச் சில நிமிடங்களில் அதுவாகவே நிற்கும். பிறகு சுவிட்சை அணையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் வடிகால் ஸ்குரூவையும் திறந்து மிச்சச் சொட்டை வடித்துவிடுங்கள். நம் டிரஸ்ட் ஜெனரேட்டருக்கு அன்று மெக்கானிக் சொன்னது இதைத்தான்.

டேங்கில் என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஒன்றிரண்டு மாதம்தான் என்றால் நிறைத்து வைப்பது நல்லது. உள்ளே காற்று குறைவு, இரும்பு டேங்க் துருப்பிடிக்காது. அதற்கு மேல் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோலை நம்பாமல் முழுக்கக் காலி செய்து, கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றி டேங்கைச் சாய்த்து உள்சுவரில் பரவவிடுவதே மேல் என்பது என் அனுபவம். பாதி டேங்க்தான் இருப்பதிலேயே மோசம். பெட்ரோல் கெடாமல் இருக்க விற்கும் ஸ்டெபிலைசர் திரவம் புதுப் பெட்ரோலில் கலந்தால் உதவும். கலந்த பிறகு பத்து நிமிடம் ஓட்டினால்தான் கிண்ணம்வரை போய்ச் சேரும். கெட்டுப்போனதை அது திருத்தாது.

மாதம் ஒரு தடவை ஓட்டுங்கள். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டதும் அணைப்பது ஓட்டுவது ஆகாது. எஞ்சின் சூடேறாமல் நின்றால் உள்ளே ஈரம் தங்கி ஆயில் கெடும், கிண்ணத்தில் புதிதாகப் பெட்ரோலையும் நிரப்பிவைத்ததாகும். விளக்கும் ஃபேனும் மாட்டி இருபது நிமிடம் ஓட்டி, மேலே சொன்னபடி காக்கை மூடி நிறுத்த வேண்டும். ஓட்டுவது திறந்த வெளியில் இருக்கட்டும். திண்ணையும் கொல்லைத் தாழ்வாரமும் திறந்த வெளி அல்ல. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவு ஜன்னல் வழியாக உள்ளே புகுந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். புயல் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுக்கும் ஆசை வரும். வேண்டாம்.

சபுராளி வீட்டுப் பைக்

கணவர் லீவு முடிந்து கிளம்பியதும் வீட்டிலுள்ள சகோதரிகள் வாரம் ஒரு தடவை சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடத்தில் அணைப்பதைப் பார்க்கிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் அது கெடுதல். மச்சானோ தம்பியோ இருபது நிமிடம் ஓட்டி வருவதாக இருந்தால் ஓட்டட்டும். ஆள் இல்லை என்றால் தொடவே வேண்டாம், ஆனால் ஏர்போர்ட் போகும் முன்பே வண்டியைத் தூங்கவைத்துவிட வேண்டும். பைக்கில் டேங்கின் இடப்பக்கம் அடியில் காக் இருக்கும். அதை மூடி நிற்கும்வரை ஓடவிடலாம். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் கையால் மூடும் காக் கிடையாது, எஞ்சின் நின்றால் தானாக மூடிக்கொள்ளும். அவற்றில் வடிகால் ஸ்குரூவைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்வதுதான் வழி. பேட்டரியின் மைனஸ் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் கிண்ணத் தொல்லை கிடையாது. ஆனால் டேங்கில் பெட்ரோல் கெடுவது கெடத்தான் செய்யும், அங்கே பழுதாவது விலை கூடிய பம்ப். ஒரு வருடம் நிற்கப்போகிற வண்டியில் பெட்ரோலைக் குறைத்துவிட்டுப் போவது அதற்கும் நல்லது.

டிரஸ்டில் இப்போது செய்திருக்கும் ஏற்பாடு இது. ஜெனரேட்டரின் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்குகிறது. கடைசியாக ஓட்டிய தேதி, எத்தனை நிமிடம், காக்கை மூடியது யார், ஆயில் அளவு ஆகிய நான்கும் அதில் இருக்கும். முன்பு எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று இருந்தோம், அதனால் யாரும் பார்க்கவில்லை. இப்போது மாதத்துக்கு ஒருவர் பெயர். மக்களின் சதக்காவில் வாங்கிய சாமான், அமானத். இரவல் வாங்கிப் போகிறவர்களும் திருப்பித் தரும்போது அட்டையை நிரப்பித்தான் தர வேண்டும். நிரப்பாமல் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், இன்ஷா அல்லாஹ், ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் டிரஸ்ட் முற்றத்தில் கிண்ணம் கழற்றுவதைக் கையால் செய்து காட்டுவோம். தேதி பள்ளி அறிவிப்புப் பலகையில் வரும். ஓடாமல் கிடக்கும் பம்புசெட்டோ பைக்கோ இருந்தால் தள்ளிக்கொண்டு வாருங்கள், அதிலேயே செய்து பார்க்கலாம். கிளீனரும் ஸ்பேனரும் இங்கே இருக்கும். பழைய டூத் பிரஷ் ஒன்றும் கந்தல் துணியும் எடுத்து வந்தால் போதும்.

வஸ்ஸலாம்.